கண்புரை ஆபரேசன் ‘நல்லபடியா முடிஞ்சுது’ என்றால் என்ன பொருள்?

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடக்கிறது. புரை முற்றியவர்களை வேனில் ஏற்றிக் கோயமுத்தூருக்கோ ஈரோட்டுக்கோ கூட்டிப் போகிறார்கள். இரண்டு மூன்று நாளில் கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்துமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். “அமிச்சிக்கு ஆபரேசன் எப்படிங்க?” என்று கேட்டால், “நல்லபடியா முடிஞ்சுதுங்க” என்கிறார்கள். அமிச்சி, அதாவது பாட்டி, உயிரோடு வந்தார், வலி இல்லை, கட்டு அவிழ்த்தாயிற்று என்பதுதான் அந்தப் பதிலின் பொருள். அவருக்கு எவ்வளவு பார்வை திரும்பியது என்பது அதில் இல்லை.

மருத்துவமனையைப் பற்றிய பேச்சும் இப்படித்தான் போகிறது. “ஒரே நாள்ல நூறு கண்ணு பண்றாங்க”, “அங்க லேசர்ல பண்றாங்க”, “நாப்பதாயிரம் வாங்குனாங்க, நல்லாத்தான் இருக்கும்” என்கிறார்கள். எண்ணிக்கை, இயந்திரம், விலை மூன்றும் பேச்சில் வந்துவிட்டன. பார்வை மட்டும் வரவில்லை. ஒரு மருத்துவமனையின் கண்புரை அறுவை தரமானதா என்பதை அளந்து சொல்ல முடியும். அந்த அளவுகோல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் வீட்டுப் பெரியவர்களுக்காக என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில், உள்ளே நடப்பது என்ன?

இளம் நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மெல்லிய தோல், உள்ளே கண்ணாடி போன்ற சதை. முற்ற முற்ற அது வெளுத்துக் கெட்டிப்படுகிறது. கண்ணின் நடுவே கறுப்பு வட்டமாகத் தெரியும் பாப்பாவுக்குப் பின்னால் உள்ள லென்ஸும் அப்படித்தான். வயதாக ஆக அது மங்கிக் கெட்டிப்படுவதே கண்புரை. நுங்குத் தோலைப் போல லென்ஸைச் சுற்றியுள்ள சவ்வுக்கு உறை என்று பெயர்.

அறுவையில் உறையின் முன்பக்கத்தில் வட்டமாக ஒரு திறப்பு வெட்டி, உள்ளே இருக்கும் கெட்டிப் பகுதியை எடுத்துவிட்டு, மிச்சமுள்ள உறைக்குள் செயற்கை லென்ஸை உட்கார வைக்கிறார்கள். எடுக்கும் முறையில் இரண்டு வகை பரவலாக இருக்கிறது. ஒன்று பேக்கோ: 3 மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டு வழியே ஊசிமுனைக் கருவியை நுழைத்து, மீயொலி அதிர்வால் புரையைப் பொடித்து உறிஞ்சுவது. ஊரில் ‘லேசர் ஆபரேசன்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் இதில் லேசர் கிடையாது. இன்னொன்று தையலில்லாச் சிறு வெட்டு முறை: வெள்ளைவிழியில் 6 முதல் 7 மில்லிமீட்டர் வரை சுரங்கம் போல் வெட்டி, புரையை முழுதாக வெளியே எடுப்பது. வெட்டு தானே மூடிக்கொள்ளும் வடிவில் இருப்பதால் தையல் வேண்டியதில்லை.

பேக்கோ என்றால் உயர்ந்தது, மற்றது ஏழைகளுக்கானது என்ற எண்ணம் வேரூன்றிக் கிடக்கிறது. நேபாளத்தில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2007-இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவிலும் 98% பேருக்குக் கண்ணாடியோடு நல்ல பார்வை இருந்தது. பேக்கோவில் காயம் சீக்கிரம் ஆறும், வெட்டினால் கண்ணின் முன்பக்க வளைவு கோணி வரும் சிலிண்டர் பவர் குறைவாக இருக்கும். இந்த வசதிகள் உண்மையானவையே. என்றாலும் கல் போல் முற்றிய புரைக்குச் சிறு வெட்டு முறையே பாதுகாப்பாக இருப்பதும் உண்டு. எனவே முறையின் பெயரை வைத்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது.

பார்வையை எண்ணாக்குவது

தரத்தை அளக்க முதல் கருவி சுவரில் மாட்டிய எழுத்துப் பலகைதான். அதில் கிடைக்கும் அளவுக்குப் பார்வைக் கூர்மை என்று பெயர். ‘6/60’ என்று அட்டையில் எழுதியிருந்தால், நல்ல கண் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தை இந்தக் கண் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறது என்று பொருள். கீழே உள்ள எண் குறையக் குறையப் பார்வை நன்றாகிறது. 6/6 என்பது முழுப் பார்வை.

மூன்று எண்களை நினைவில் வைத்தால் போதும். 6/12 இருந்தால் பெரும்பாலான அன்றாட வேலைகளைத் தயங்காமல் செய்யலாம். 6/18 என்பது உலக சுகாதார நிறுவனம் 1998-இல் ‘நல்ல முடிவு’ என்பதற்கு வைத்த கீழ் எல்லை. 6/60-க்கும் கீழே போனால் அது ‘மோசமான முடிவு’. இடையில் இருப்பது ‘நடுத்தரம்’.

ஒரு கண்ணுக்கு இரண்டு மதிப்பெண் உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாதது. நோயாளி எப்படி நடந்து வந்தாரோ அப்படியே, கண்ணாடி போட்டிருந்தால் அதோடு, இல்லையென்றால் வெறுங்கண்ணோடு அளப்பது ஒன்று. இதை நடப்புப் பார்வை என்று வைத்துக்கொள்வோம். சரியான பவரை மாட்டிப் பார்த்து அளப்பது இன்னொன்று. இது திருத்திய பார்வை. மாட்டிப் பார்க்க நேரமில்லை என்றால் சிறு துளையிட்ட தகட்டை கண்முன் பிடித்துப் படிக்கச் சொல்வார்கள். துளை வழியே எழுத்து தெளிந்தால், கண்ணாடி போட்டால் அந்தக் கண் தேறும் என்று அர்த்தம்.

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை இதுதான். நூறு கண்களில் குறைந்தது 80 கண்களுக்கு நடப்புப் பார்வை ‘நல்ல முடிவு’ வகையில் இருக்க வேண்டும். திருத்திய பார்வையில் குறைந்தது 90 தேற வேண்டும். ‘மோசமான முடிவு’ எப்படி அளந்தாலும் 5-க்குள் அடங்க வேண்டும்.

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். 200 கண்களுக்கு அறுவை நடந்திருக்கிறது. நடப்புப் பார்வையில் 150 கண்கள் தேறின, அதாவது 75%. திருத்திய பார்வையில் 184, அதாவது 92%. இரண்டுக்கும் நடுவே இருக்கிற 34 கண்களைப் பாருங்கள். அவற்றில் அறுவை கெட்டுப்போகவில்லை. கண்ணாடி கொடுக்கவில்லை, அல்லது உள்ளே வைத்த லென்ஸின் பவர் தப்பியிருக்கிறது. கத்தியைத் தொடாமலே இந்த மருத்துவமனை தன் முடிவை 17 விழுக்காடு உயர்த்திக்கொள்ளலாம். ஒரே ஒரு எண்ணை மட்டும் எழுதி வைத்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

இதுவரை பார்த்தது: தரம் என்பது பார்வையின் எண், அந்த எண்ணை நோயாளி வந்தபடியே ஒருமுறையும் சரியான பவரை மாட்டி ஒருமுறையும் எடுக்க வேண்டும், இரண்டுக்கும் உள்ள இடைவெளி எங்கே பழுது என்று காட்டும்.

எந்த நாளில் அளப்பது?

புதிதாக போர் போட்ட கிணற்றில் முதல் நாள் வரும் கலங்கல் தண்ணீரைப் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. கண்ணும் அப்படித்தான். அறுவை முடிந்த மறுநாள் கருவிழியில், அதாவது கண்ணின் முன்பக்கக் கண்ணாடி போன்ற சவ்வில், வீக்கம் இருக்கலாம். முற்றிய புரையாக இருந்தால் வீக்கம் இன்னும் கூடும். வீக்கம் வடிந்து, வெட்டு ஆறி, பவர் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கண்ணாடிக்கு அளவெடுப்பதும் அப்போதுதான்.

ஆகவே முடிவை அளக்கச் சரியான நேரம் ஆறாவது வாரத்தை ஒட்டியது. ஆனால் அதற்குள் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள்? மஞ்சள் வெட்டு வந்துவிடும், பேருந்துக்குக் கூட்டிப் போக ஆள் இருக்காது, “நல்லாத்தான தெரியுது, எதுக்கு” என்று விட்டுவிடுவார்கள். இந்தச் சிக்கலுக்காகவே ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகியவற்றில் 10 நாடுகளின் 40 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு செய்து 2013-இல் வெளியிட்டார்கள். அறுவைக்குப் பின் மூன்று நாளுக்குள் எடுத்த பார்வை அளவு, அந்த மருத்துவமனையின் கடைசி முடிவு எப்படி இருக்கும் என்பதை நன்றாகவே முன்கூட்டிக் காட்டியது. தனி ஒரு நோயாளியின் கண்ணுக்கு மறுநாள் அளவை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனால் அடுத்தடுத்து வந்த நோயாளிகள் எல்லாருடைய மறுநாள் அளவையும் சேர்த்துப் பார்த்தால் மருத்துவமனையின் தரம் தெரிந்துவிடுகிறது. ஆறாவது வாரத்துக்கு ஆள் வரவில்லை என்பதை அளக்காமல் இருப்பதற்குச் சாக்காகச் சொல்ல முடியாது.

பவர் எங்கே தப்புகிறது?

அறுநூறு அடி போருக்கு மோட்டார் வாங்கும்போது ஆழத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டால், மோட்டாரும் நல்லது, இறக்கிய ஆளும் கெட்டிக்காரர், ஆனாலும் தண்ணீர் மேலே ஏறாது. செயற்கை லென்ஸும் அதே கதை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பவரை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன: கண்ணின் நீளம், கருவிழியின் வளைவு. இந்த அளவெடுப்புக்குப் பயோமெட்ரி என்று பெயர்.

கண்ணின் சராசரி நீளம் சுமார் 23.5 மில்லிமீட்டர். இதில் 1 மில்லிமீட்டர் தப்பினால் கடைசிப் பவரில் ஏறக்குறைய 2.5 டயாப்டர் தப்பும். டயாப்டர் என்பது நாம் கண்ணாடிக் கடையில் ‘பவர்’ என்று சொல்லும் அலகேதான். கோலைக் கருவிழியில் தொட்டு மீயொலியால் அளக்கும் ஏ-ஸ்கேனில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. கை கொஞ்சம் அழுத்திவிட்டால் கண் அமுங்கும், நீளம் குறைவாகக் காட்டும், தேவைக்கு மேல் பவருள்ள லென்ஸ் உள்ளே போகும், நோயாளிக்குக் கிட்டப்பார்வை வந்துவிடும். தண்ணீர்க் குப்பி வைத்துத் தொடாமல் அளப்பதும், ஒளியால் அளக்கும் கருவியும் இந்தப் பிழையைத் தவிர்க்கின்றன. புரை வெள்ளையாக முற்றிவிட்டால் ஒளி உள்ளே போகாது. அப்போது ஏ-ஸ்கேன்தான் கதி. அளப்பவரின் பயிற்சி அங்கேதான் முக்கியமாகிறது.

திட்டமிட்ட பவருக்கும் கிடைத்த பவருக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து வைப்பது இன்னொரு தர அளவு. பிரிட்டனில் 2009-இல் வெளியான பரிந்துரை, 85% கண்களாவது 1 டயாப்டர் வித்தியாசத்துக்குள்ளும் 55% கண்களாவது அரை டயாப்டருக்குள்ளும் வரவேண்டும் என்றது. இப்போதைய கருவிகளோடு இதைத் தாண்டுவது கடினமில்லை.

இங்கே ஒரு பொதுவான குறையையும் சொல்லிவிட வேண்டும். “பஸ் போர்டு படிக்குது, ஆனா ஊசியில நூல் கோக்க முடியலீங்க” என்று வருத்தப்படுபவர்கள் நிறைய. முகாம்களிலும் பெரும்பாலான அறுவைகளிலும் வைப்பது ஒரே தூரத்துக்கான லென்ஸ். அதைத் தூரப் பார்வைக்கு வைத்தால் படிக்கவும் நூல் கோக்கவும் தனிக் கண்ணாடி வேண்டும். இது அறுவையின் தோல்வி கிடையாது. அதை முன்பே சொல்லாமல் விட்டதுதான் குறை.

உறை கிழிவதும் கிருமி புகுவதும்

அறுவை மேசையில் நடக்கும் தவறுகளில் முதலில் கணக்கெடுக்க வேண்டியது பின்உறை கிழிவது. பின்உறையின் நடுப்பகுதி 4 மைக்ரான் அளவே தடிமன். ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. அது கிழிந்தால் பின்னால் இருக்கும் கண்கூழ் முன்னே வருகிறது. லென்ஸை வழக்கமான இடத்தில் வைப்பது சிக்கலாகிறது. பின்னாளில் விழித்திரை கழன்றுபோவதற்கும் கிருமித் தொற்றுக்கும் வாய்ப்புக் கூடுகிறது. சரியாகக் கையாண்டால் இப்படிக் கிழிந்த கண்களிலும் பல நல்ல பார்வை பெறுகின்றன. பிரிட்டனின் தேசியத் தணிக்கையில் 2006 முதல் 2010 வரையான காலத்தில் இது சுமார் 2% அறுவைகளில் நடந்திருந்தது. எங்கும் பூஜ்யம் கிடையாது. “எங்களுக்கு ஒன்றுகூடக் கிழிந்ததில்லை” என்கிற இடத்தில் பதிவேடு எழுதப்படவில்லை என்றே நினைக்க வேண்டியிருக்கிறது.

பாப்பா நன்றாக விரியாத கண், கல்லாக முற்றிய புரை, அதிகக் கிட்டப்பார்வை உள்ள கண் ஆகியவற்றில் கிழியும் வாய்ப்பு அதிகம். புராஸ்டேட் தொல்லைக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடும் ஆண்களுக்கு அறுவையின் நடுவில் பாப்பா சுருங்கி, அதைச் சுற்றியுள்ள நிறத் திரை தளர்ந்து ஆடும். அறுவை செய்பவருக்கு முன்பே தெரிந்தால் அதற்கான ஏற்பாட்டோடு உட்காருவார். சிறுநீர் மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மாத்திரைச் சீட்டைக் கண்டிப்பாகக் காட்டுங்கள்.

அடுத்தது கண்ணுக்குள் கிருமித் தொற்று. அரிதானது, ஆனால் பார்வையை முழுதாகப் பறிக்கக் கூடியது. மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கி, கோவை அவிநாசி சாலை வரை கிளை பரப்பிய அரவிந்த் கண் மருத்துவமனைகள் சுமார் 6 லட்சம் அறுவைகளின் பதிவை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டன. அறுவை முடிவில் கண்ணுக்குள் மாக்சிஃப்ளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைச் செலுத்தாதபோது பத்தாயிரத்துக்கு 7 என்ற அளவில் இருந்த தொற்று, செலுத்தியபோது பத்தாயிரத்துக்கு 2 ஆகக் குறைந்தது. இவ்வளவு நுணுக்கமான வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் லட்சக்கணக்கான அறுவைகளை ஒன்று விடாமல் பதிந்திருக்க வேண்டும். பதிவேட்டின் அருமை இங்கேதான் புரிகிறது.

தடுப்பு வேலைகளைச் சாதாரணமாகப் பார்த்தாலே சொல்லிவிடலாம். அறுவைக்கு முன் 5% பொவிடோன் அயோடின் சொட்டுவிட்டுச் சில நிமிடம் காத்திருப்பது. கண்ணீர்ப் பையில் சீழ் இருக்கிறதா என்று தண்ணீர் விட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாகக் கிருமிநீக்கிய கருவிப் பெட்டி. நீராவிப் பெட்டியின் ஒவ்வொரு ஈட்டிலும் நிறம் மாறும் சோதனைச் சீட்டு. கண்ணுக்குள் விடும் திரவத்தின் தொகுதி எண்ணை ஒவ்வொரு நோயாளியின் கோப்பிலும் எழுதுவது. இந்தக் கடைசியை மட்டும் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். ஒரே நாளில் அறுவையான இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் தொற்று வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது எல்லாருக்கும் பொதுவாகப் போன திரவம், குழாய், கருவி ஆகியவற்றைத்தான். தொகுதி எண் எழுதியிருந்தால் அந்தப் பாட்டில்களை அன்றே ஒதுக்கிவிடலாம். எழுதாவிட்டால் எதில் வந்தது என்று தெரியாமலே அடுத்த நாள் அறுவை தொடரும்.

சின்ன மருத்துவமனை ஒன்று, “300 ஆபரேசன் பண்ணிட்டோம், ஒரு தொற்றுகூட இல்லை” என்று சொன்னால் அது நல்ல செய்திதான். ஆனால் அதற்கு எவ்வளவு பொருள் கொடுக்கலாம்? புள்ளியியலில் இதற்கு எளிய வாய்ப்பாடு உண்டு. 3-ஐ அறுவை எண்ணிக்கையால் வகுங்கள். 3-ஐ 300-ஆல் வகுத்தால் 1%. அதாவது உண்மையான தொற்று அளவு நூற்றுக்கு ஒன்று வரை இருந்தாலும்கூட, முந்நூறில் ஒன்றும் வராமல் தப்பியிருக்க இடமுண்டு. அரிதாக நடப்பதை அளக்கப் பெரிய எண்ணிக்கை வேண்டும். அதனால் சின்ன இடங்களில் தொற்று விழுக்காட்டைக் கேட்பதைவிடத் தடுப்பு முறைகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்ப்பதே பயன் தரும்.

சுருக்கமாக: கிழிசல் நூறுகளில் எண்ண வேண்டியது, தொற்று பத்தாயிரங்களில் எண்ண வேண்டியது. இரண்டுக்கும் ஒரே தராசு ஆகாது.

யாரை எண்ணினார்கள்?

திருப்பூரில் ஏற்றுமதிச் சரக்கைச் சோதிக்க வருபவர், கம்பெனிக்காரர் எடுத்து நீட்டும் பீஸைப் பார்த்து ஓகே சொல்ல மாட்டார். அடுக்கிய பெட்டிகளில் எது எது என்று தானே தேர்ந்தெடுத்துப் பிரிப்பார். ஈரோட்டு மஞ்சள் மண்டியிலும் மூட்டையின் மேல்வாயில் கிடக்கும் விரலியை மட்டும் பார்த்து விலை வைப்பவர் இல்லை. கண் அறுவைக்கும் இதே விதி பொருந்தும். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை அறுவையான அத்தனை கண்களும் கணக்கில் வரவேண்டும். நன்றாக வந்த கண்களைப் பொறுக்கிச் சேர்த்தால் அது கணக்கே இல்லை.

பொறுக்க வேண்டும் என்று நினைக்காமலே பொறுக்கிவிடும் வழி ஒன்று இருக்கிறது: திரும்பி வராதவர்கள். 200 பேருக்கு அறுவை. ஆறாவது வாரம் 150 பேர் வந்தார்கள். 138 பேருக்கு நல்ல பார்வை. வந்தவர்களை வைத்துப் பார்த்தால் 92%. வராத 50 பேரும் நன்றாக இருந்தால் 94%. அவர்கள் யாருக்குமே தேறவில்லை என்றால் 69%. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. ஆகவே விழுக்காட்டைச் சொல்லும் இடமெல்லாம் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே சொல்லியாக வேண்டும்.

இதற்கு எதிர்த் திசையில் ஒரு அநியாயமும் நடக்கிறது. பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பிளஸ் ஒன்னில் சேர்த்துக்கொள்ளும் விடுதிப் பள்ளி, நூறு விழுக்காடு தேர்ச்சி என்று பேனர் கட்டும். வந்தவர்களையெல்லாம் சேர்க்கும் அரசுப் பள்ளி 90 வாங்கும். எது நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது? நாமக்கல் பக்கத்தில் பிள்ளை படிக்க வைத்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. மலைக்கிராமங்களிலிருந்து இரண்டு கண்ணும் வெளுத்தபின் வருபவர்களையும், சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்களையும், கண் அழுத்த நோய் உள்ளவர்களையும் ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனையின் விழுக்காடு சற்றுக் குறையத்தான் செய்யும். இப்படி எந்த வகை நோயாளிகள் வந்தார்கள் என்பதை நோயாளிக் கலவை என்கிறார்கள். அதைக் கணக்கில் எடுக்காமல் இரண்டு மருத்துவமனைகளை வரிசைப்படுத்தினால், கடினமான கண்களைத் திருப்பி அனுப்புகிறவர்களுக்கே பரிசு கிடைக்கும். மருத்துவர்களைத் தனித்தனியாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுவதும் அதே கெடுதலைத்தான் செய்யும். அளவெடுப்பு திருத்திக்கொள்ள உதவ வேண்டும். தண்டனைக்கு என்று வைத்தால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

மோசமான முடிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம்

விழுக்காட்டைத் தெரிந்துகொள்வது பாதி வேலை. 6/60-க்குக் கீழே நின்ற ஒவ்வொரு கண்ணையும் எடுத்து ஏன் என்று எழுதினால்தான் அடுத்த மாதம் மாற்றம் வரும். காரணங்கள் நான்கு கூடைக்குள் அடங்கும்.

தேர்வு என்பது முதல் கூடை. விழித்திரையோ பார்வை நரம்போ ஏற்கெனவே கெட்டிருந்ததால் புரையை எடுத்தும் பார்வை வரவில்லை. முற்றிய புரைக்குப் பின்னால் உள்ளதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் டார்ச் ஒளிக்குப் பாப்பா சரியாகச் சுருங்குகிறதா, நாலா பக்கமும் வெளிச்சம் தெரிகிறதா என்று சோதித்து, தேவைப்பட்டால் மீயொலியால் கண்ணின் உட்பக்கத்தைப் படமாக்கும் பி-ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட கண்ணுக்கு அறுவையே கூடாது என்பதில்லை. எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, அறுவையில் ஏற்பட்ட சிக்கல். மூன்றாவது கண்ணாடி: கொடுக்கவில்லை, அல்லது பவர் தப்பியது. நான்காவது, பின்னால் வந்த கோளாறு. மாதங்களோ வருடங்களோ கழித்துப் பின்உறை மங்கி, “மறுபடி புரை வந்துருச்சு” என்று சொல்ல வைப்பது இந்த வகைதான். எடுத்த புரை திரும்ப வளராது. மங்கியது மிச்சம் வைத்த உறை. யாக் லேசரால் அதில் சில நிமிடத்தில் துளை போட்டுவிடலாம். ஊரார் சொல்லும் லேசர் உண்மையில் வருவது இங்கேதான்.

முதல் கூடை நிறைந்தால் பரிசோதனை அறையைத் திருத்த வேண்டும், இரண்டாவது நிறைந்தால் அறுவை அரங்கையும் பயிற்சியையும், மூன்றாவது நிறைந்தால் பயோமெட்ரியையும் கண்ணாடி வழங்குவதையும், நான்காவது நிறைந்தால் மறுபரிசோதனைக்கு அழைக்கும் முறையை.

நோயாளியின் சொல்

பலகையில் 6/9 படிக்கிறவர்கூட, “எதுர்ல வர்ற வண்டி வெளிச்சம் கூசுதுங்க” என்று இரவில் வெளியே போகாமல் இருக்கலாம். அதனால் வாழ்க்கையைக் கேட்கும் கேள்வித்தாள்களும் உண்டு. சுவீடனில் உருவான கேட்க்வெஸ்ட்-9 எஸ்எஃப் என்பதில் ஒன்பது கேள்விகள்: செய்தித்தாள் படிப்பது, எதிரே வருபவர் முகம் தெரிவது, கடையில் விலை பார்ப்பது, மேடுபள்ளத்தில் நடப்பது போன்றவை. அறுவைக்கு முன்னும் பின்னும் கேட்டு ஒப்பிடுவார்கள். நம் ஊரில் கேட்டால் அரிசியில் கல் பொறுக்குவதையும் வரப்பில் நடப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மருத்துவமனைக் கணக்கில் எப்போதும் விடுபடுபவர்கள், மருத்துவமனைக்கே வராதவர்கள். அவர்களையும் சேர்த்துப் பார்க்க உலக சுகாதார நிறுவனம் பயன்படுத்தும் அளவு, ‘பயனுள்ள அறுவைப் பரவல்’. அறுவை தேவைப்பட்டவர்கள் அத்தனை பேரிலும், அறுவை செய்துகொண்டு 6/12 அல்லது அதற்கு மேல் நடப்புப் பார்வை பெற்றவர்கள் எத்தனை பங்கு என்பதே அது. இதை 2030-க்குள் 30 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்த வேண்டும் என்று 2021-இல் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. அறுவைகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் இந்த இலக்கை எட்ட முடியாது. செய்த அறுவை தேறவும் வேண்டும்.

வீட்டார் கேட்க வேண்டியவை

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் அட்டையை அங்கேயே பிரித்துப் பாருங்கள். அறுவைக்கு முன் இருந்த பார்வை, மறுநாள் பார்வை, எந்த முறை, லென்ஸின் பவர், அதன் ஒட்டுச் சீட்டு, ஏதும் சிக்கல் நடந்ததா, அடுத்து எப்போது வரவேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். இல்லாததைக் கேட்டு எழுதி வாங்குவதில் தப்பே இல்லை. “போன வருசம் பண்ணுனதுல எத்தனை பேருக்குங்க 6/18-க்கு மேல வந்துது? எத்தனை பேரு திரும்பி வந்தாங்க?” என்றும் பணிவாகக் கேட்கலாம். எண்ணைச் சொல்லி, கூடவே குறையையும் சொல்கிற இடத்தை நம்பலாம்.

வீட்டுக்கு வந்தபின் வலி கூடுவது, கண் சிவப்பது, சீழ் வடிவது, தெரிந்த பார்வை மங்குவது ஆகிய நான்கில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். கிருமித் தொற்று பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் தலைகாட்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓர் இரவு தள்ளிப்போட்டால்கூடப் பார்வை போய்விடக்கூடும். சொட்டு மருந்தை எழுதிக்கொடுத்த கணக்குப்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். கண் தெளிந்துவிட்டது என்று பத்தாம் நாளே நிறுத்திவிட்டால் உள்ளே அழற்சி திரும்பலாம்.

ஆறாவது வாரம், கண் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், அமிச்சியைக் கூட்டிப் போங்கள். கண்ணாடிப் பவர் அன்றைக்குத்தான் முடிவாகும். மருத்துவமனைக் கணக்கில் அவருடைய கண்ணும் அன்றைக்குத்தான் சேரும். அட்டை, மாத்திரைச் சீட்டு, பழைய கண்ணாடி மூன்றையும் மறக்காமல் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.